பித்தநீரின் கொழுப்புக் கணக்கும் கல் கரைக்கும் மாத்திரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்று ஸ்கேன் தாளில் 'பித்தப்பையில் கல்' என்று ஒரு வரி இருந்துவிட்டால் அன்று இரவு தூக்கம் வராது. மறுநாள் ஒருவர் உடனே ஆபரேஷன் என்பார். இன்னொருவர் மாத்திரையிலேயே கரைத்துவிடலாம் என்பார். மூன்றாமவர் எண்ணெய் குடிக்கச் சொல்வார். அந்தக் கல் எதனால் ஆனது, அது ஊறிக் கிடக்கும் பித்தநீரில் என்ன குறை என்று மூவருமே கேட்டிருக்க மாட்டார்கள். பதில் அங்கேதான் இருக்கிறது என்பதால் இந்தப் பக்கத்தில் பித்தநீரைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

பித்தநீரில் என்னதான் இருக்கிறது?

கல்லீரல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 முதல் 1000 மில்லிலிட்டர் பித்தநீரைச் சுரக்கிறது. பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீரை வற்ற வைத்தால் மிஞ்சுகிற திடப்பொருளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பித்த உப்புகள். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகப் பாஸ்போலிப்பிட், அதிலும் பெரும்பாலும் லெசித்தின். கொலஸ்ட்ரால் 4 அல்லது 5 சதவீதம். மீதி புரதமும், பித்தநீருக்கு நிறம் தரும் பிலிருபினும்.

கல்லீரலுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பித்தப்பை 30 முதல் 50 மில்லிலிட்டர் கொள்ளும். வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் வரும் பித்தநீரைப் பிடித்து வைத்து, அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு கெட்டியாக்கும். கொழுப்புள்ள உணவு சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும். உடனே பை சுருங்கி, சேர்த்து வைத்ததைக் குடலுக்குள் தள்ளிவிடும்.

பித்த அமிலம், பித்த உப்பு என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

நடைமுறையில் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம். கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து கோலிக் அமிலம், கீனோடிஆக்ஸிகோலிக் அமிலம் என்ற இரண்டைச் செய்கிறது. அவற்றைக் கிளைசின் அல்லது டாரின் என்ற அமினோ அமிலத்துடன் கோத்து வெளியே அனுப்புகிறது. அந்த வடிவில் அவை பித்த உப்புகள். குடலிலுள்ள பாக்டீரியாக்கள் இவற்றில் ஒரு பகுதியை மாற்றி டிஆக்ஸிகோலிக், லித்தோகோலிக் அமிலங்களாக ஆக்குகின்றன.

உடலின் சிக்கனத்தை இங்கே பார்க்க வேண்டும். நம்மிடமுள்ள மொத்தப் பித்த அமில இருப்பு 2 முதல் 4 கிராம்தான். அந்தச் சிறு இருப்பே தினமும் பல முறை கல்லீரலிலிருந்து குடலுக்குப் போய், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு, ரத்தம் வழியே கல்லீரலுக்குத் திரும்பி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 95 சதவீதம் திரும்பிவிடும். மலத்தில் போகிற அரை கிராமுக்குள்ளான அளவைத்தான் கல்லீரல் தினமும் புதிதாகச் செய்கிறது. மருந்து எப்படி வேலை செய்கிறது என்று புரிய இந்தச் சுழற்சி நினைவில் இருக்க வேண்டும்.

கொலஸ்ட்ரால் ஏன் பித்தநீருக்குள் வர வேண்டும்?

வேறு வழி இல்லை. கொலஸ்ட்ராலின் வளையங்களை உடைத்து எரித்துவிட நம் உடலுக்குத் தெரியாது. பித்த அமிலமாக மாற்றலாம், அல்லது அப்படியே பித்தநீரில் விட்டு வெளியேற்றலாம். இரண்டு பாதையும் பித்தநீர் வழியாகத்தான். 'கொலஸ்ட்ரால்' என்ற பெயரே பித்தக் கல்லிலிருந்து வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரோல், கிரேக்க மொழியில் பித்தத்தையும் திடப்பொருளையும் குறிக்கும் இரண்டு சொற்களைச் சேர்த்து அந்தப் பெயரைச் சூட்டினார்.

தண்ணீரில் கரையாத கொலஸ்ட்ரால் பித்தநீரில் மட்டும் எப்படிக் கரைந்திருக்கிறது?

சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைத் தண்ணீரோடு எடுத்துப் போவதை நினைத்துப் பாருங்கள். பித்த உப்பு மூலக்கூறின் ஒரு பக்கம் தண்ணீரோடு சேரும், மறுபக்கம் கொழுப்போடு சேரும். அளவு போதுமானதாக இருந்தால் அவை ஒன்றுகூடி, கொழுப்பு விரும்பும் பக்கத்தை உள்ளே மறைத்துக்கொண்டு நுண்ணிய உருண்டைகளாகும். இவற்றுக்கு மிசெல் என்று பெயர். லெசித்தினும் கூடச் சேர்ந்தால் மிசெல் பெரிதாகி, அதற்குள் கொலஸ்ட்ராலுக்கு இடம் அதிகமாகக் கிடைக்கும்.

மிசெலில் இடம் போதாமல் மிஞ்சும் கொலஸ்ட்ரால், லெசித்தினோடு சேர்ந்து வெசிக்கிள் என்ற குமிழ்களில் தங்கும். தொல்லை தொடங்கும் இடம் இந்தக் குமிழ்கள்தான். லெசித்தினை விடக் கொலஸ்ட்ரால் மிகுந்துபோன குமிழ்கள் நிலையாக நிற்காது. ஒன்றோடொன்று ஒட்டி, பல அடுக்காகி, அதன்மேல் கொலஸ்ட்ரால் படிகமாக முளைக்கும்.

ஆக மூன்று பொருள்: பித்த உப்பு, லெசித்தின், கொலஸ்ட்ரால். கல்லீரல் இந்த ஒவ்வொன்றையும் தனித்தனிப் புரத வாசல்கள் வழியாகப் பித்தநீருக்குள் விடுகிறது. பித்த உப்புக்கு ஏபிசிபி11, லெசித்தினுக்கு ஏபிசிபி4, கொலஸ்ட்ராலுக்கு ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற இணை.

பித்தநீரில் கொலஸ்ட்ரால் கூடினால் கல் வந்துவிடும், அவ்வளவுதானே?

பாதிதான் சரி. முதல் பாதியைப் பார்ப்போம். 1968-இல் அட்மிராண்ட், ஸ்மால் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு முக்கோண வரைபடம் வெளியிட்டார்கள். முக்கோணத்தின் மூன்று மூலைகள் அந்த மூன்று பொருள்கள். யாருடைய பித்தநீரை எடுத்தாலும் அதன் விகிதத்தை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறித்துவிடலாம். புள்ளி ஓர் எல்லைக்கோட்டுக்குள் இருந்தால் கொலஸ்ட்ரால் கரைந்து நிற்கும், வெளியே போனால் கரைசல் தாங்காது. பின்னால் வந்தவர்கள் இதையே ஓர் எண்ணாகச் சுருக்கினார்கள். கொலஸ்ட்ரால் செறிவுக் குறியீடு 1-க்கு மேல் போனால் பித்தநீர் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

நான் மிகவும் மதிக்கிற சிந்தனை இது. கொலஸ்ட்ராலைக் குற்றவாளியாக நிறுத்தாமல், மூன்றின் விகிதத்தைப் பார்க்கச் சொன்னது. கல்லீரல் கொலஸ்ட்ராலை அளவுக்கு மீறிக் கொட்டினாலும் எல்லை தாண்டும். பித்த உப்பின் இருப்பு குறைந்தாலும் தாண்டும். லெசித்தின் குறைந்தாலும் தாண்டும். நோய்க்குப் பெயர் ஒன்றாக இருந்தாலும் காரணம் ஆளுக்கு ஆள் மாறலாம்.

இனி இரண்டாம் பாதி. கல்லே இல்லாத எத்தனையோ பேரின் பித்தநீரும் இந்த எல்லையைத் தாண்டித்தான் இருக்கிறது. இரவு முழுக்கப் பட்டினி கிடந்து காலையில் எடுத்தால் இன்னும் அதிகம். அவர்களுக்கு ஏன் கல் வரவில்லை? 1979-இல் ஹோலன் குழுவினர் கல் உள்ளவர்களின் பித்தநீரையும் இல்லாதவர்களின் பித்தநீரையும் வடிகட்டி வைத்து, எத்தனை நாளில் படிகம் முளைக்கிறது என்று கவனித்தார்கள். செறிவு ஒரே மாதிரி இருந்தபோதும், கல் உள்ளவர்களின் பித்தநீரில் படிகம் வெகு சீக்கிரம் வந்தது. விகிதம் கெடுவது தேவையான நிபந்தனை, ஆனால் அது மட்டும் போதாது. படிகத்தை முளைக்க வைக்கும் தூண்டுதலும் வேண்டும். பித்தப்பைச் சுவர் சுரக்கும் மியூசின் என்ற சளிப்பொருள் அப்படிப்பட்ட தூண்டுதல். அது வலைபோல நின்று படிகங்களைப் பிடித்து வைக்கிறது.

அப்புறம் மூன்றாவது துணை, பித்தப்பையின் சோம்பல். பை முழுமையாகச் சுருங்கிக் காலியானால் நுண்படிகங்கள் குடலுக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. சுருங்காமல் தேங்கினால் படிகமும் சளியும் கலந்த சேறு உண்டாகும். ஸ்கேன் தாளில் 'ஸ்லட்ஜ்' என்று எழுதுவது இதைத்தான். சேறு தானாகவே மறைவதும் உண்டு, கல்லாக இறுகுவதும் உண்டு.

ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் நார்மல். எனக்கு எப்படிக் கல் வந்தது?

ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலும் பித்தநீரில் சுரக்கும் கொலஸ்ட்ராலும் ஒரே கணக்கில் வராது. ரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருப்பவருக்குக் கல் வரும் என்று சொல்ல முடியாது, நார்மலாக இருப்பவருக்கு வராது என்றும் சொல்ல முடியாது. டிரைகிளிசரைடு அதிகமாகவும் எச்.டி.எல். குறைவாகவும் இருப்பதற்குத்தான் கல்லோடு தொடர்பு தெளிவாகத் தெரிகிறது. 'உணவில் கட்டுப்பாடாக இருந்தேனே' என்று தன்னையே குறைசொல்லிக்கொள்பவர்களிடம் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அப்படியானால் யாருக்கு வருகிறது?

பெண்களுக்கு அதிகம். ஈஸ்ட்ரோஜன், கல்லீரல் பித்தநீரில் விடும் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. புரோஜெஸ்டிரான் பித்தப்பையைத் தளர்த்துகிறது. கர்ப்ப காலத்தில் இரண்டும் சேர்ந்து ஏறுவதால் அப்போது சேறும் கல்லும் தோன்றுவது சகஜம். பிரசவத்துக்குப் பிறகு அந்தச் சேறு பல பேருக்குத் தானாகவே போய்விடும்.

உடல் பருமன் உள்ளவர்களின் கல்லீரல் கொலஸ்ட்ராலை அதிகமாகச் சுரக்கிறது. வேகமாக எடை குறைப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடும், அதைத் தனியாகப் பார்ப்போம். சிறுகுடலின் கடைசிப் பகுதி நோயால் கெட்டவர்களுக்கும் அறுவையில் இழந்தவர்களுக்கும் பித்த அமிலம் திரும்பி வருவது குறைந்துவிடுகிறது. நீண்ட நாள் ரத்தக்குழாய் வழியாக மட்டுமே ஊட்டம் பெறுபவர்களுக்குப் பை சுருங்க வேலையே இருப்பதில்லை. ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஃபைப்ரேட் வகை மருந்துகளும், சில ஹார்மோன் கோளாறுகளுக்குக் கொடுக்கும் ஆக்ட்ரியோடைடும் ஆபத்தைக் கூட்டும். வயதும் கூட்டும்.

பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஏபிசிஜி8 மரபணுவின் ஒரு மாறுபட்ட வடிவம் கல் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது 2007-இல் உறுதியானது. ஏபிசிபி4 பழுதானவர்களுக்கு லெசித்தின் குறைந்துபோய், 40 வயதுக்கு முன்பே கல் வரலாம். பித்தப்பையை எடுத்த பிறகும் வலி திரும்பலாம். குடும்பத்தில் பலருக்கு இளம் வயதிலேயே இந்தத் தொல்லை இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எல்லாப் பித்தக் கல்லும் கொலஸ்ட்ரால் கல்தானா?

இல்லை. மாத்திரை விஷயத்தில் பலரும் ஏமாறுவது இங்கேதான். கறுப்பு நிறமிக் கற்கள் கால்சியம் பிலிருபினேட்டால் ஆனவை. ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடையும் நோய்களிலும் கல்லீரல் இறுகிப்போனவர்களிடமும் இவை உண்டாகும். பழுப்புக் கற்கள் பெரும்பாலும் பித்தக் குழாய்களுக்குள், நோய்த்தொற்றும் தேக்கமும் சேர்ந்த இடத்தில் உருவாகும். இந்த இரண்டையும் பித்த அமில மாத்திரை கரைக்காது. வெளியே கால்சியம் ஓடு படிந்துவிட்ட கொலஸ்ட்ரால் கல்லும் அப்படித்தான். ஓட்டைத் தாண்டி மருந்து உள்ளே போக முடியாது.

பித்த அமிலத்தையே மருந்தாகக் கொடுக்கலாம் என்று யாருக்குத் தோன்றியது?

விகிதம் கெட்டதால் கல் வந்தது என்றால், விகிதத்தைத் திருப்பினால் கல் கரைய வேண்டும். எளிய தர்க்கம். 1972-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கீனோடிஆக்ஸிகோலிக் அமிலத்தை வாய்வழியாகக் கொடுத்துச் சில பெண்களின் கற்கள் சுருங்கியதையும் மறைந்ததையும் வெளியிட்டார்கள். அதுவரை கத்தி ஒன்றே வழியாக இருந்த நோய்க்கு ஒரு மாத்திரை. அந்த உற்சாகம் எவ்வளவு இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

பிறகு 916 பேரைச் சேர்த்து இரண்டு ஆண்டு நடந்த பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு 1981-இல் வந்தது. தினமும் 750 மில்லிகிராம் எடுத்தவர்களில் கல் முழுதாகக் கரைந்தது 13.5 சதவீதத்தினருக்கு. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 0.8 சதவீதம். மருந்து வேலை செய்கிறது என்பது உறுதியானது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. கூடவே வயிற்றுப்போக்கு, எல்.டி.எல். கொலஸ்ட்ரால் ஏற்றம், சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு.

அதன் இடத்தைப் பிடித்தது அர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம். ஸ்வீடனின் ஹம்மர்ஸ்டன் 1902-இல் துருவக் கரடியின் பித்தநீரில் இதைக் கண்டார். 1927-இல் ஜப்பானின் ஷோடா கரடிப் பித்தத்திலிருந்து இதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பெயரிலுள்ள 'அர்சோ' லத்தீனில் கரடியைக் குறிக்கும். மனிதப் பித்தத்திலும் இது சிறிதளவு உண்டு. இதைக் கொண்டு கல்லைக் கரைக்கும் முயற்சிகள் 1970-களில் ஜப்பானில் தொடங்கின. அமெரிக்க அரசின் ஒப்புதல் 1987-இல் கிடைத்தது. கீனோவுக்கும் இதற்கும் வேதியியலில் வேறுபாடு மிகச் சிறியது: ஏழாவது கார்பனிலுள்ள ஒரு ஹைட்ராக்ஸில் தொகுதி மறுபக்கம் பார்க்கிறது. அந்தச் சிறு திருப்பத்தால் கல்லீரலுக்கு வரும் தொந்தரவு வெகுவாகக் குறைந்தது.

இந்த மாத்திரை கல்லை எப்படிக் கரைக்கிறது?

கல்லை நேரடியாக அரிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது மாற்றுவது கல் ஊறிக் கிடக்கும் பித்தநீரை. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது, கல்லீரல் பித்தநீருக்குள் விடும் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. சில வாரங்களில் பித்தநீரின் செறிவு 1-க்குக் கீழே இறங்கும். இப்போது பித்தநீரில் கொலஸ்ட்ராலுக்கு இடம் இருப்பதால், கல்லின் மேற்பரப்பிலுள்ள கொலஸ்ட்ரால் மெல்ல மெல்லக் கரைசலுக்குள் போகிறது.

அர்சோ அமிலம் சோப்புபோல வேலை செய்வதில் பலவீனமானது. கீனோ அமிலம் கொலஸ்ட்ராலை மிசெலில் ஏற்றிச் செல்லும். அர்சோ நிறைந்த பித்தநீரோ கல்லின் மேலிருந்து லெசித்தினும் கொலஸ்ட்ராலும் சேர்ந்த திரவப் படிக அடுக்குகளாக அதைப் பெயர்த்து எடுக்கிறது. பாதை வேறு, போய்ச் சேரும் இடம் ஒன்று.

யாருக்கு இது பலன் தரும்?

இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுமையாகப் படியுங்கள். கல் கொலஸ்ட்ரால் கல்லாக இருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் கல்லில் கால்சியம் இருக்கிறது, அதற்கு மாத்திரை பயன்படாது. எக்ஸ்ரேயில் தெரியாதது எல்லாம் கொலஸ்ட்ரால் கல் என்று சொல்லிவிடவும் முடியாது. சி.டி. ஸ்கேன் கால்சியத்தை இன்னும் நுட்பமாகக் காட்டும். பித்தப்பையைப் படத்தில் தெளிவாகக் காட்டும் மருந்தை வாய்வழியாகக் கொடுத்து எடுக்கும் பழைய எக்ஸ்ரே முறையில் கல் மிதப்பது தெரிந்தால் அது நல்ல அறிகுறி.

பித்தப்பை வேலை செய்ய வேண்டும், அதன் குழாய் திறந்திருக்க வேண்டும். மாற்றப்பட்ட பித்தநீர் பைக்குள் நுழைந்தால்தானே கல்லைத் தொடும்? குழாயில் கல் அடைத்துக்கொண்டவருக்கு எத்தனை மாதம் மாத்திரை கொடுத்தாலும் அது பயணம் போய்ச் சேராது.

அளவும் முக்கியம். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களுக்கு வாய்ப்பு நன்று. 10 மில்லிமீட்டர் தாண்டினால் வாய்ப்பு வேகமாகக் குறையும். 15-ஐத் தாண்டினால் பொதுவாகத் தொடங்குவதே இல்லை. காரணம் மேற்பரப்பு. 10 மில்லிமீட்டர் கல் ஒன்றின் கன அளவும் 5 மில்லிமீட்டர் கல் எட்டின் கன அளவும் சமம். ஆனால் எட்டுச் சிறு கற்களின் மேற்பரப்பு இரண்டு மடங்கு. கரைதல் மேற்பரப்பில்தான் நடக்கிறது.

கடைசியாக, தொந்தரவு லேசாக இருக்க வேண்டும். அடிக்கடி கடும் வலி வருபவருக்கு மாதக்கணக்கில் காத்திருக்க அவகாசம் இல்லை.

இத்தனை வடிகட்டியும், பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 1993-இல் வெளியான தொகுப்புப் பகுப்பாய்வில், எக்ஸ்ரேயில் தெரியாத கல் உள்ளவர்களில் அர்சோ அமிலத்தால் முழுதாகக் கரைந்தது மூன்றில் ஒருவருக்குச் சற்று அதிகம். மருந்து நல்லது, ஆனால் தேர்ந்தெடுத்த சிலருக்கு நல்லது என்பது என் கருத்து. கல் என்று தெரிந்த உடனே எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பதும் தவறு, எவருக்கும் பயன்படாது என்று ஒதுக்குவதும் தவறு.

எவ்வளவு, எத்தனை நாள்?

கல் கரைக்கப் பொதுவான அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் 8 முதல் 10 மில்லிகிராம். சரியாக ஒத்துழைக்கும் கல் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டம் குறையும். ஆகவே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஆகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்ப்பது வழக்கம். முதல் ஆறு மாதத்தில் கல் சிறிதும் சுருங்கவில்லை என்றால் தொடர்வதில் பயன் குறைவு. ஸ்கேனில் கல் மறைந்த பிறகும் சில மாதம் மருந்தைத் தொடரச் சொல்வார்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத துண்டுகள் மிச்சம் இருக்கலாம்.

உங்கள் அளவை முடிவு செய்வது உங்கள் மருத்துவர்தான். இந்தப் பக்கத்தைப் பார்த்து நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

ஆபரேஷன் தேதி வரை வலியைக் குறைக்க இதை எடுக்கலாமா?

2006-இல் வெளியான ஆய்வு ஒன்று இதையே சோதித்தது. வலி உள்ளவர்கள் 177 பேர், அறுவைக்குக் காத்திருந்த காலத்தில் பாதிப் பேருக்கு அர்சோ அமிலம், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வலி வந்த விதத்தில் வேறுபாடு இல்லை. காத்திருக்கும் காலத்தை நிரப்ப இந்த மாத்திரை உதவாது.

வலியே இல்லை, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தது. கரைத்துவிடலாமா?

பெரும்பாலும் வேண்டாம். கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பான்மையினருக்கு வாழ்நாள் முழுவதும் எந்தத் தொந்தரவும் வருவதில்லை. தொந்தரவு தொடங்குவது ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு சதவீதம் போலத்தான். 1982-இல் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில், மௌனக் கல் உள்ள 123 பேரைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது 20 ஆண்டில் வலி வந்தவர்கள் 18 சதவீதம். வலியில்லாத கல்லுக்காக இரண்டு ஆண்டு மாத்திரை சாப்பிட்டு, பிறகு கல் திரும்பிவிட்டதா என்று பயந்துகொண்டிருப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பது போன்ற சில நிலைகள் விதிவிலக்கு. அவற்றை மருத்துவர் தனியாகப் பார்ப்பார்.

கரைந்த கல் திரும்ப வருமா?

வரும். மருந்தை நிறுத்தி ஐந்து ஆண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்புகிறது. ஒற்றைக் கல் இருந்தவர்களை விடப் பல கல் இருந்தவர்களுக்கு அதிகம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதே கல்லீரல், அதே பித்தப்பை, அதே விகிதக் கோளாறு. மாத்திரை நின்ற சில வாரங்களில் பித்தநீர் பழைய நிலைக்குப் போய்விடும். பித்தப்பையை அகற்றும் அறுவை நிலையான தீர்வாக இருப்பதற்குக் காரணம், கல் விளையும் இடத்தையே எடுத்துவிடுவதுதான்.

எடை வேகமாகக் குறைக்கும்போது கல் வருமாமே, தடுக்க முடியுமா?

பித்த அமிலத்தின் மிகத் தெளிவான வெற்றி இங்கேதான் என்பேன். உடல் கொழுப்பு வேகமாகக் கரையும்போது அதில் தேங்கியிருந்த கொலஸ்ட்ரால் பித்தநீருக்குள் வந்து குவிகிறது. சாப்பாடு குறைவாக இருப்பதால் பையும் சரியாகச் சுருங்குவதில்லை. செறிவும் தேக்கமும் ஒன்றாகச் சேரும் நேரம் அது.

1995-இல் வெளியான ஆய்வில், எடை குறைக்க இரைப்பை மாற்றுவழி (பைபாஸ்) அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதத்தினருக்குக் கல் வந்தது. தினமும் 600 மில்லிகிராம் அர்சோ அமிலம் எடுத்தவர்களில் 2 சதவீதம். இருக்கும் கல்லைக் கரைப்பதை விட வராமல் தடுப்பது இந்த மருந்துக்கு எளிது. ஆபத்துக் காலம் சில மாதங்களில் முடிந்துவிடுவதால் ஆயுள் முழுக்க எடுக்க வேண்டியதும் இல்லை.

பக்கவிளைவுகள்?

குறைவு. சிலருக்கு மலம் இளகும். கொலஸ்டிரமின் பொடியும் அலுமினியம் கலந்த அமில எதிர்ப்பு மருந்தும் இதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், எனவே இரண்டுக்கும் இடையில் சில மணி நேர இடைவெளி வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையும் ஃபைப்ரேட்டும் எதிர்த்திசையில் இழுக்கும். கர்ப்பமாக இருந்தால் கல் கரைக்கும் சிகிச்சையைத் தொடங்குவதில்லை.

ஸ்டாட்டின் மாத்திரை கல்லையும் கரைக்குமா?

கரைக்கும் மருந்தாக நம்ப முடியாது. இதயத்துக்காக எடுக்கிறீர்கள் என்றால் தொடருங்கள், கல்லுக்காகத் தொடங்க வேண்டாம்.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் மலத்தில் வந்துவிடுமா? பச்சை உருண்டைகளை நானே பார்த்தேன்.

நீங்கள் பார்த்தது உண்மை. அவை கற்கள் என்பதுதான் தவறு. 2005-இல் வெளியான மருத்துவக் குறிப்பு ஒன்றில், இப்படிக் குடித்த 40 வயதுப் பெண்ணிடமிருந்து வந்த பச்சை உருண்டைகளைச் சோதனைக்கூடத்தில் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் இல்லை, பிலிருபின் இல்லை, கால்சியமும் இல்லை. நான்கில் மூன்று பங்கு கொழுப்பு அமிலம். குடித்த எண்ணெய் குடலில் செரித்து உருவான சோப்புக் கட்டிகள் அவை. அந்தப் பெண்ணின் உண்மையான கற்கள் பித்தப்பையிலேயே இருந்தன. நிறைய எண்ணெய் குடித்தால் பை பலமாகச் சுருங்கும், அப்போது கல் குழாயில் போய் மாட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. நம்பிக்கையோடு செய்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் யாராவது செய்யப் போனால் தடுப்பேன்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மேல்வயிற்று வலி சில மணி நேரமாகியும் விடாமல் இருந்தால், காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், வாந்தி நிற்காவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பித்தப்பை வீக்கம், குழாய் அடைப்பு, கணைய அழற்சி இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் கல் கரைக்கும் மாத்திரையைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

பித்தப்பையை எடுத்தாகிவிட்டது. இனி பித்த அமிலம் என்ன ஆகும்? மாத்திரை தேவையா?

சுரப்பு நிற்காது. சேமித்து வைக்கப் பை இல்லாததால் பித்தநீர் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குப் போகும். பெரும்பாலோருக்குச் செரிமானம் பழையபடியே நடக்கும். சிலருக்கு மட்டும் பெருங்குடலுக்குள் போகும் பித்த அமிலம் கூடி, சாப்பிட்டதும் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். அதற்குப் பித்த அமிலத்தைப் பிடித்து வைக்கும் கொலஸ்டிரமின் உதவும்.

கல் கரைக்கும் மாத்திரை பொதுவாக இனித் தேவையில்லை. விதிவிலக்கு, முன்பு சொன்ன ஏபிசிபி4 பழுதுள்ளவர்கள். அவர்களுடைய பித்தநீரில் லெசித்தின் பிறவியிலேயே குறைவு. பை போன பிறகும் கல்லீரலுக்குள் இருக்கும் சிறு குழாய்களிலேயே கொலஸ்ட்ரால் படியும், வலி திரும்பும். இவர்களுக்கு அர்சோ அமிலத்தை நீண்ட காலம் கொடுக்கிறார்கள், பல பேருக்குச் சில வாரங்களிலேயே வலி அடங்கிவிடுகிறது.